சிமெண்டில் சிலை சமைத்த சிற்பி ராம்கிங்கர் பைஜ்

சிலை என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை எவை? மாமல்லபுரத்துக் கற்சிற்பங்கள், சோழர் காலத்து ஐம்பொன் திருமேனிகள், சென்னைக் கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் தலைவர்களின் உருவங்கள், இவையே அல்லவா? கல்லில் சிலை செய்ய வேண்டுமானால் மலையை நாட வேண்டும். வெண்கலத்தில் வார்க்க வேண்டுமானால் உலையும் மெழுகும் ஆட்களும் கையில் நிறையப் பணமும் வேண்டும். இவை எதுவுமே இல்லாத ஓர் ஏழைச் சிற்பி வங்காளத்தில் வாழ்ந்தார். வீடு கட்டக் கொத்தனார் கலக்கும் சிமெண்டு, தளம் போடக் கட்டும் இரும்புக் கம்பி, காலடியில் கிடக்கும் செம்புறாங்கல் சரளை, இவற்றைக் கொண்டே அவர் சிலைகள் சமைத்தார். அரசர்களையும் தெய்வங்களையும் தேடிப் போகாமல், கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தாரை ஆளுயரத்தினும் பெரிதாக நிறுத்தினார். அவர் பெயர் ராம்கிங்கர் பைஜ். 1906-ஆம் ஆண்டு பிறந்து 1980-ஆம் ஆண்டு மறைந்த அப்பெருமகனாரின் வாழ்க்கை வரலாற்றைத் தோழியரே, இங்குக் காண்போம்.

அதற்கு முன் சிமெண்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் பங்குகளில் லூர்து மாதா கெபி கட்டுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். எட்ட நின்று பார்த்தால் கெபி உண்மைப் பாறை போலவே தோன்றும். ஆனால் பல கெபிகளில் உள்ளே பாறை இல்லை. கம்பியை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கோழிவலை போன்ற கம்பிவலையைப் போர்த்தி, கட்டுக்கம்பியால் இறுக்கிச் சிமெண்டுச் சாந்தை அப்பியிருப்பார்கள். சிமெண்டு அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் வெடித்துவிடும். இரும்போ இழுவையைத் தாங்கும். இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. நெருக்கமான கம்பிவலைகளை அடுக்கி, ஜல்லி சேர்க்காத சாந்தை ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசும் முறைக்கு ஃபெரோசிமெண்டு என்று பெயர். பிரெஞ்சு நாட்டு லாம்போ என்பவர் 1848-ஆம் ஆண்டிலேயே இம்மாதிரி ஒரு படகு செய்துவிட்டார். சிமெண்டுப் படகு மிதக்குமா என்று நாம் கேட்போம். மிதந்தது! பின்னர் 1940-களில் இத்தாலி நாட்டுப் பொறியாளர் நெர்வி என்பவர் இம்முறையைச் செம்மைப்படுத்தி, ஒரு சிறு கப்பலையும் பெரிய மண்டபக் கூரைகளையும் கட்டினார். வத்திக்கானில் திருத்தந்தை மக்களைச் சந்திக்கும் பேரரங்கத்தை வடிவமைத்தவரும் இதே நெர்விதான். அது 1971-இல் திறக்கப்பட்டது.

ராம்கிங்கர் கையாண்டது முற்றிலும் இதே முறை என்று சொல்ல முடியாது. அவர் வலைக்குப் பதில் கம்பிக் கூட்டையே நம்பினார். சாந்தில் சரளையும் சேர்த்தார். ஆயினும் இரண்டையும் அக்காள் தங்கை என்று சொல்லலாம்.

வங்காளத்தின் மேற்குப் பகுதியில் பாங்குரா என்னும் ஊர் உள்ளது. செம்மண் பூமி. சுடுமண் குதிரைகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். நம் ஊர் எல்லையில் ஐயனார் கோவிலுக்கு முன் நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்தவர்களுக்குப் பாங்குராக் குதிரை அந்நியமாகத் தோன்றாது. அவ்வூரில் 1906-ஆம் ஆண்டு மே மாதம் ராம்கிங்கர் பிறந்தார். முடி திருத்தும் தொழில் செய்து வந்த எளிய குடும்பம். பரமாணிக் என்பது குடும்பப் பெயர். பைஜ் என்பது பின்னர் வந்தது. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. ஆனால் தெருவே அவருக்குப் பள்ளியாயிற்று. பக்கத்தில் மண் பிரதிமைகள் செய்யும் கைவினைஞர்களிடம் போய் உட்கார்ந்து, வைக்கோல் கட்டி மண் அப்பி உருவம் எழுப்புவதைச் சிறுவன் கண் கொட்டாமல் பார்ப்பான். மூங்கிலும் வைக்கோலும் உள்ளே, மண் வெளியே என்ற அந்தப் பாடம்தான் பிற்காலத்தில் கம்பி உள்ளே, சிமெண்டு வெளியே என்று மாறியது என நான் நினைக்கிறேன். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதினார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது காங்கிரசுக்காகத் தலைவர்களின் படங்களும் விளம்பரங்களும் வரைந்து கொடுத்தார்.

அவர் திறமையைக் கண்டுகொண்டவர் ராமானந்த சட்டர்ஜி. பிரபாசி என்ற வங்காளி இதழுக்கும் மாடர்ன் ரிவ்யூ என்ற ஆங்கில இதழுக்கும் ஆசிரியராக விளங்கிய அறிஞர். அவரும் பாங்குராவில் பிறந்தவரே. பெரிய பத்திரிகாசிரியர் ஒருவர், ஓர் ஏழை வீட்டுப் பையன் வரைந்த படங்களை நின்று பார்த்தார். அவர் முயற்சியால் 1925-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், ராம்கிங்கர் சாந்திநிகேதனம் சென்று சேர்ந்தார். மகாகவி இரவீந்திரநாத் தாகூர் அமைத்த கலைக்கூடமான கலாபவனத்தில் அப்போது நந்தலால் போஸ் தலைமை ஆசிரியராக இருந்தார். வந்த இளைஞனின் படங்களைப் புரட்டிப் பார்த்த நந்தலால், இவனுக்குக் கற்றுத்தர இனி என்ன இருக்கிறது, சரி, இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார்க்கட்டும் என்று சொன்னதாகக் கூறுவர். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கென்று வந்தவர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கிவிட்டார்!

சாந்திநிகேதனத்தில் ஓவியத்துக்குச் சிறந்த ஆசிரியர்கள் இருந்தனர். சிற்பத்துக்கோ அவ்வளவு வசதி அப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து சில காலம் தங்கிய சிற்பிகளிடம்தான் ராம்கிங்கர் தொழில்நுட்பம் கற்றார். அவர்களில் இருவர் பெண்கள். ஒருவர் ஆஸ்திரிய நாட்டு லிசா வான் பாட். மற்றொருவர் ஆங்கிலேயரான மார்கரெட் மில்வர்ட். இவர் பாரிசில் புகழ் பெற்ற சிற்பி பூர்தெல்லின் மாணவி. கம்பியும் கலவையும் கையாளும் வேலை ஆண்களுக்கே உரியது என்று எண்ணும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு இச்செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊர்க் கட்டடங்களில் சாரத்தின்மேல் கலவைச் சட்டி சுமந்து ஏறும் சித்தாள் பெண்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். கரணை பிடிக்கும் பெண்ணைத்தான் பார்ப்பது அரிது.

படிப்பு முடிந்ததும் ராம்கிங்கர் அங்கேயே ஆசிரியரானார். சிற்பப் பிரிவை 1970-களின் தொடக்கம் வரை அவரே நடத்தி வந்தார். நந்தலாலுக்கு எண்ணெய் வண்ணத்தில் அவ்வளவு விருப்பமில்லை. அது மேல்நாட்டு முறை என்பது அவர் எண்ணம். சீடரோ எண்ணெய் வண்ணத்திலும் தீட்டினார், புதிய மேல்நாட்டுப் பாணிகளையும் முயன்று பார்த்தார். குருவுக்கு மனம் ஒப்பவில்லை என்றாலும் தடுக்கவில்லை. சீடரும் குருவை ஒரு நாளும் மதிக்காமல் இருந்ததில்லை. கருத்து வேறுபட்டும் நாற்பது ஆண்டுக் காலம் ஒரே வளாகத்தில் வாழ்வது எளிதன்று என்பதை வகுப்பறையில் பக்கத்து இருக்கைக்காரியுடன் ஒரு பருவம் ஒத்துப் போக முடியாத நாம் அறிவோம். (நந்தலால் 1966-இல் காலமானார்.)

அக்காலத்தில் சாந்திநிகேதனத்தில் மண் வீடுகளே மிகுதி. 1935-இல் தாகூருக்காக ‘சியாமளி’ என்ற மண் வீடு கட்டப்பட்டது. அதன் சுவரில் ராம்கிங்கர் சந்தால் மக்களின் உருவங்களைப் புடைப்பாகச் செய்தார். கலாபவன மாணவர் விடுதியான ‘கருப்பு வீட்டின்’ மண் சுவர்களிலும் ஆசிரியரும் மாணவருமாகச் சிற்பங்கள் செய்து, மழைக்குக் கரையாமல் இருக்கத் தார் பூசினார்கள். கருப்பு வீடு என்ற பெயர் அதனால் வந்ததுதான். மண்ணில் செய்தால் மழை கரைக்கிறது. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை. வெட்டவெளியில் மரங்களுக்கு நடுவே பெரிய சிலை எழுப்பும் ஆசையோ அடங்கவில்லை. இந்த நெருக்கடியில்தான் அவர் கண் சிமெண்டின் மேல் விழுந்தது.

முதல் முயற்சி 1935-ஆம் ஆண்டின் ‘சுஜாதை’. நெடிய யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே, அம்மரங்களில் ஒன்று போலவே மெலிந்து உயர்ந்து நிற்கும் ஒரு பெண்ணுருவம். அங்குப் பயின்ற ஒரு மாணவியின் சாயலில் முதலில் செய்தாராம். நந்தலால் பார்த்துவிட்டு, தலையில் ஒரு பாத்திரம் இருக்கட்டும் என்று யோசனை கூறினார். பாத்திரம் ஏறியதும், தவத்தால் மெலிந்திருந்த புத்தருக்குப் பாயசம் கொண்டு சென்ற சுஜாதையாக அச்சிலை மாறிவிட்டது. மரங்களுக்கிடையே நடந்து வருகிறாள் என்றே தோன்றுமாம். தாகூர் அச்சிலையைக் கண்டு ராம்கிங்கரை அழைத்து, இந்த ஆசிரமம் முழுவதையும் இப்படிச் சிலைகளால் நிரப்பு என்று ஊக்கினார் என்பது சாந்திநிகேதனத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஓர் இளைஞனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர் சிலை செய்த விதம் தனியானது. பொதுவாகச் சிமெண்டுச் சிலை செய்வோர் முதலில் களிமண்ணில் உருவம் செய்து, அதற்கு அச்செடுத்து, அச்சில் சிமெண்டை ஊற்றுவர். அச்சிலிருந்து வரும் சிலை வழவழப்பாக இருக்கும். ராம்கிங்கர் அச்சை ஒதுக்கிவிட்டார். இரும்புக் கம்பிகளை வளைத்து நேராக எலும்புக் கூட்டை நிறுத்துவார். சிமெண்டு, மணல், செம்புறாங்கல் சரளை மூன்றையும் கலந்து, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கூட்டின்மேல் எறிந்து அப்புவார். கொத்தனார் சுவருக்குச் சாந்து வீசி அடிப்பாரே, அந்த மாதிரி. கலவை இறுகுவதற்குள் உருவம் அமைய வேண்டும். இறுகியபின் உளியால் செதுக்கித் திருத்த வேண்டும். களிமண்ணைப் போலத் தண்ணீர் தெளித்து நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு வைக்க முடியாது. வங்காளத்து வெயிலில் தலையில் ஓலைத் தொப்பியுடன் சாரத்தின்மேல் நின்று நாள் முழுதும் வேலை செய்வாராம். பார்ப்பவர்களுக்குச் சிற்பியா கொத்தனாரா என்று ஐயம் எழுந்திருக்கும். எழுந்தால்தான் என்ன?

1938-ஆம் ஆண்டு அவர் படைத்த ‘சந்தால் குடும்பம்’ என்னும் சிலையே அவர் புகழை நிலைநாட்டியது. சந்தால்கள் பழங்குடி மக்கள். ஆங்கிலேயர் ஆட்சியிலும் வட்டிக்காரர் பிடியிலும் நிலத்தை இழந்து, 1855-இல் சித்து, கானு என்னும் சகோதரர் தலைமையில் கிளர்ந்தெழுந்து பல்லாயிரவராக மடிந்தவர்கள். அதன் பின்னும் வயல் வேலை, ஆலை வேலை, கல்லுடைக்கும் வேலை என்று பிழைப்புத் தேடி ஊர் ஊராகப் போனார்கள். சாந்திநிகேதனத்தைச் சுற்றி அவர்களுடைய குடியிருப்புகள் பல. ராம்கிங்கர் நாள்தோறும் காண்பது அவர்களைத்தான். சிலையில் தகப்பன் தோளில் காவடித் தடியைத் தாங்கி நடக்கிறான். தாய் தலைச்சுமையுடன் பக்கத்தில் வருகிறாள். குழந்தையும் உடன் வருகிறது. அவர்களோடு ஒரு நாயும் ஓடுகிறது! இருக்கும் சொத்து முழுவதும் அந்தச் சுமையில் அடங்கிவிட்டது. வீட்டை விட்டுப் போகிறார்களா, புது வீட்டைத் தேடிப் போகிறார்களா என்பது தெரியாது. ஆனால் முகத்தில் பரிதாபம் கேட்கும் குறி ஏதுமில்லை. நிமிர்ந்து நடக்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்குமுன் பொது இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் சிலையானவர் யாவர்? விக்டோரியா அரசியார், குதிரைமேல் அமர்ந்த ஆளுநர்கள், சமஸ்தான மன்னர்கள். சென்னைத் தீவுத்திடல் அருகே சேணமில்லாக் குதிரையில் அமர்ந்திருக்கும் மன்றோ துரையை நாம் பேருந்திலிருந்து பார்த்ததுண்டு. அவர்களுக்குச் சிலை எழுப்பப் பணம் திரட்டப்பட்டது. இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டு வந்தார்கள். சந்தால் குடும்பத்துக்கு யாரும் பணம் திரட்டவில்லை. யாரும் செய்யச் சொல்லவும் இல்லை. இந்தியாவின் முதல் நவீனப் பொதுச் சிற்பம் என்று கலை அறிஞர்கள் இதைச் சொல்கிறார்கள். எனக்கு நவீனம் என்ற சொல் அவ்வளவாகப் புரிவதில்லை. கூலிக்காரக் குடும்பம் ஒன்று பீடத்தின்மேல் ஏறியது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது. அந்தப் பீடமும் தாழ்வானதே. சிலையாட்கள் நம்மைப் போலவே தரையில் நடப்பவர்கள் அல்லவா?

இதன் பின் 1940-ஐ ஒட்டி ‘விளக்குத் தூண்’ ஒன்று செய்தார். அதில் மனித உருவம் எதுவும் தெரியாது. வளைவும் நெளிவும் மட்டுமே. அதன்பின் கதிரடிக்கும் உழவரைச் செய்தார். தாகூரின் தலையையும் வடித்தார். தாகூரின் முகத்தை அழகாகக் காண விரும்பியவர்களுக்கு, குனிந்து வாடிய முதுமையைக் காட்டும் அச்சிலை பிடிக்கவில்லை. இவற்றையெல்லாம் விரித்தால் இதழில் இடம் போதாது. ஆகவே நான் மிகவும் விரும்பும் சிலைக்கு வருகிறேன்.

1956-ஆம் ஆண்டு அவர் செய்தது அது. வங்காளியில் அதன் பெயருக்கு ஆலைச் சங்கு என்று பொருள் கொள்ளலாம். சாந்திநிகேதனத்தை அடுத்த போல்பூரில் அரிசி ஆலைகள் இருந்தன. காலையில் ஆலைச் சங்கு ஊதியதும் சந்தால் பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் புறப்படுவார்கள். சிலையில் இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள். குளித்து வந்த ஈரச் சேலையை உலர்த்த நேரமில்லை. ஓடும்போதே காற்றில் பறக்கவிட்டு உலர்த்துகிறார்கள். பின்னால் ஒரு சிறு பிள்ளை தொடர்ந்து ஓடி வருகிறது. இறுகிப்போன சிமெண்டில் ஒரு சேலை காற்றில் பறப்பதைக் காட்ட முடியும் என்று யார் நம்புவார்? கல்லில் செய்தால் அவ்வளவு நீளமாக வெளியே நீண்ட துணி ஒடிந்து விழுந்திருக்கும். உள்ளே கம்பி இருப்பதால்தான் அது நிற்கிறது. முன்பு சொன்னேனே, இரும்பு இழுவையைத் தாங்கும் என்று! அந்தப் பாடம் இங்கே சேலையாகப் பறக்கிறது.

செம்பரம்பாக்கத்தில் இருக்கும் நமக்கு இச்சிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இப்போது இங்குச் சங்கு ஊதுவதில்லை. கைப்பேசியில் மணி அடிக்கிறது, அவ்வளவே வேறுபாடு. பொழுது விடியுமுன் நெடுஞ்சாலை ஓரத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் போகும் கம்பெனிப் பேருந்து வரும். தலையைப் பின்னி முடிக்க நேரமில்லாமல் ஈரக் கூந்தலோடு ஓடி வந்து ஏறுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் அதே நேரத்தில் கண் சிவக்க இறங்குவார்கள். அவர்களில் நம் தோழியரின் தாய்மார்களும் அக்காமார்களும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அதே பேருந்தில் ஏறப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. ஏரிக்கரை மேலிருந்து பார்த்தால் பேருந்துகளின் விளக்குகள் வரிசையாகத் தெரியும்.

இச்சிலையைப் பற்றி இருவகையாகச் சொல்கிறார்கள். ஆலை மனிதரை ஓட ஓட விரட்டுகிறது என்று சிலர் வருந்துகின்றனர். ஓடும் பெண்களின் உடல் வலிவையும் களிப்பையும் சிற்பி கொண்டாடுகிறார் என்று சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. பேருந்துக்கு ஓடும் அக்காமார்கள் சிரித்துப் பேசிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். கைக்காசு சம்பாதிக்கிறோம் என்ற நிமிர்வும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் பின்னால் ஓடி வரும் பிள்ளையை ராம்கிங்கர் விட்டுவிடவில்லையே! அப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி அங்கே சிமெண்டில் நிற்கிறது. படம் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அப்பிள்ளையின் மேல்தான் போகிறது.

சென்னை மெரீனா கடற்கரையில் உழைப்பாளர் சிலை இருக்கிறதல்லவா? அதைச் செய்தவரும் ஒரு வங்காளியே. சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய தேவிபிரசாத் ராய் சௌத்ரி அவர்கள். அது 1959-இல் நிறுவப்பட்டது. நான்கு ஆண்கள் பெரும்பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். நரம்பு புடைக்க வெண்கலத்தில் வார்த்த அற்புதமான சிலை. ஆனால் அதில் பெண் இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் ராம்கிங்கர் உழைப்பைக் காட்ட நினைத்தபோது பெண்களையும் பிள்ளையையும் நினைத்தார். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. ஆயினும் என்னைக் கேட்டால் போல்பூர்ப் பெண்களையே தேர்வேன்.

இத்தனையும் செய்தவரைத் தேடி 1950-களில் அரசாங்கப் பணி ஒன்று வந்தது. புது டில்லியில் எழுந்த ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலில் செல்வத்தைக் காக்கும் யட்சன், யட்சி சிலைகளைச் செய்து தர வேண்டும். இம்முறை கல்லில். இமயமலைச் சாரலிலிருந்து பாறைகளைத் தேர்ந்து கொண்டு வந்து, 24 அடி உயரச் சிலைகளைச் செய்து முடிப்பதற்குள் பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. 1967-இல்தான் வேலை முடிந்தது. யட்சன் தொழிலையும் யட்சி வேளாண்மையையும் குறிப்பதாக அமைத்தார். யட்சியின் தோற்றத்தைப் பற்றிக் கண்டனமும் எழுந்தது. நாட்டின் பணப்பெட்டிக்குக் காவலாளிகளைச் செய்து கொடுத்தவருக்கு அதனால் செல்வம் ஏதும் சேரவில்லை.

அவர் வாழ்ந்தது சாந்திநிகேதனத்தில் கூரை வேய்ந்த ஒரு மண் வீட்டில். மழைக்காலத்தில் கூரை ஒழுகும். ஒழுகும் இடத்தில் தம் எண்ணெய் வண்ண ஓவியங்களையே எடுத்துச் செருகி வைப்பாராம்! எண்ணெய் வண்ணம் தீட்டிய துணியில் நீர் புகாது என்பது உண்மைதான். இன்று அந்த ஓவியங்களின் விலை என்ன என்று நினைத்தால் தலை சுற்றுகிறது. திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் 1975-இல் அவரைப் பற்றி ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். கட்டக் 1976-இல் இறந்துவிட்டதால் படம் முழுமை பெறவில்லை. அவர் தம் சிலைகளையும் ஓவியங்களையும் பெரும்பாலும் விற்பனைப் பொருளாகவே கருதவில்லை. இது போற்றத்தக்கதா என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. ஏழைக் கலைஞன் வறுமையைச் சிரித்துக்கொண்டே ஏற்க வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பது சரியாகுமா? கூரையைச் சீர்படுத்தித் தர ஒருவருமா இல்லை?

பெருமைகள் பின்னர் வந்தன. 1970-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1976-இல் விசுவபாரதிப் பல்கலைக்கழகம் தன் மிக உயர்ந்த பட்டமான தேசிகோத்தமாவை அளித்தது. உடல் நலமோ குன்றி வந்தது. 1980 மார்ச்சு மாதம் கல்கத்தாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஆகஸ்டு 2-ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. வயது எழுபத்து நான்கு.

இனி அவர் சிலைகளின் நிலை. சிமெண்டு எந்நாளும் அழியாது என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அது உண்மையன்று. சிமெண்டில் காரத்தன்மை இருக்கும்வரை உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உட்புகும்போது காரம் குறைகிறது. அதன்பின் மழைநீரும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். ஆகவே அது உள்ளிருந்து நெம்பி, சிமெண்டைப் பிளந்துவிடுகிறது. பழைய வீடுகளின் தளத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருக்கிறோமே, அதே நோய்தான். அச்சில் வார்க்காமல் சரளைக் கலவையைக் கையால் அப்பிய சிலைகளில் நீர் புக வழிகள் மிகுதி. மலிவான பொருள் என்று ராம்கிங்கர் எடுத்தார். அதைக் காப்பதோ மலிவான வேலை இல்லை. ஏழை வீட்டுத் தளமானாலும் புகழ் பெற்ற சிலையானாலும் துரு வேறுபாடு பார்ப்பதில்லை.

சாந்திநிகேதனத்தில் அவரிடம் பயின்ற கேரளத்துச் சிற்பி கே. எஸ். ராதாகிருஷ்ணன் 2012-இல் டில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் குருவின் படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி நடத்தினார். அந்தச் சிமெண்டுச் சிலைகளை மட்டும் டில்லிக்குக் கொண்டு வர முடியவில்லை. அவை தரையோடு தரையாக ஊன்றி நிற்பவை. சாந்திநிகேதனத்தை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சந்தால் குடும்பத்தின் தலைக்கு மேல் இப்போது ஒரு கூரை அமைத்திருக்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து கொண்டிருக்கும் அத்தகப்பனும் தாயும் பிள்ளையும் நாயும் அதன்கீழ் நிற்கிறார்கள். அருகே சென்று பார்ப்பவர்களுக்கு அவர்கள் உடலெல்லாம் பதிந்திருக்கும் செம்புறாங்கல் சரளை தெரியும். அவர்கள் காலடித் தரையிலும் அதே சரளைதான் கிடக்கிறது.